பேபி கூமியின் முதுகு

பம்பாய் கிராண்ட் ரோடில் டாக்டர் மர்ஸ்பானின் பல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு கூமி காண்டாவாலாவைத் தெரியாமல் இருக்காது. வாசலை அடுத்த மேஜையில் உட்கார்ந்து, பெயர் கேட்டு உள்ளே அனுப்புகிற வேலை அவளுக்கு. கன்னம் வீங்கி, தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்ததுமே கூமிக்குச் சிரிப்பு வந்துவிடும். அடக்கப் பார்ப்பாள், அடக்க அடக்கப் பொங்கும். வந்தவர் முதலில் முறைப்பார், அப்புறம் தானும் சிரித்துத் தொலைத்துவிட்டு ‘ஐயோ’ என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட டாக்டர் பலமுறை யோசித்ததுண்டு. ஆனால் அவளைப் பார்க்கவென்றே ஆட்கள் வலியில்லாத பல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர்தான் என்ன செய்வார்?

இந்தக் கூமிதான் ஒரு காலத்தில் பம்பாயிலிருந்து பாட்னா வரை அத்தனை கொட்டகைகளையும் அழ வைத்த பேபி கூமி. அவள் படத்துக்குப் போகிற பெண்கள் முகம் துடைக்க ஒன்று, மூக்கு சிந்த ஒன்று என்று இரண்டு கைக்குட்டை கொண்டுபோவார்கள். செத்துப்போன அம்மாவின் வயிற்றில் முகம் புதைத்துக்கொண்டு, சின்ன முதுகு குலுங்கக் குலுங்க அவள் அழுகிற காட்சி வந்தால், பக்கத்து சீட்டுக்காரியின் புடவையில்கூட மூக்கைத் துடைத்துவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு சங்கதிதான் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சினிமாவுக்கு வந்ததே ஒரு தப்புக் கணக்கால்தான். கூமிக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தெஹ்மினாவோடு ஈரானி டீக்கடையில் மாவா கேக் தின்றுகொண்டிருந்தாள். எதிர் மேஜையில் பெஸ்தன்ஜி என்று ஒரு பெருத்த மனிதர், அவளுடைய அப்பாவின் ஆபீஸ் மேலதிகாரி. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, எத்தனை வருஷம் பொறுத்ததோ, அன்றைக்கு நான்கு காலையும் நான்கு திசைக்கு நீட்டிவிட்டது. பெஸ்தன்ஜி கையில் டீ கோப்பையோடு மெதுவாக, மரியாதையாக, கீழே இறங்கினார். கோப்பையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே ஒரு வாய் குடித்தார். கூமி பாய்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கணவனின் மேலதிகாரியைப் பார்த்துச் சிரிக்க முடியாத தெஹ்மினா உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, சுவரைப் பார்த்தாள்.

மூலை மேஜையில் இருந்த மனிதருக்கு நாற்காலி தெரியவில்லை. தூண் மறைத்துவிட்டது. தெரிந்ததெல்லாம், கலங்கிய கண்ணோடு ஒரு தாயும், அவள் மடியில் குலுங்குகிற ஒரு சின்ன முதுகும்தான். அந்த மனிதர் நிருபம் கோஷால். கண்ணீர்ப் படம் எடுப்பதில் பெயர் போனவர். கல்கத்தாவிலிருந்து வந்தவர் என்பதால் சினிமாக்காரர்கள் எல்லாரும் அவரை வங்காளி வழக்கப்படி நிருபம்தா, அதாவது நிருபம் அண்ணா, என்பார்கள். எழுந்து வந்தார்.

“அம்மா, கொழந்தைக்கு என்ன துக்கம்?”

“துக்கமா? அது வந்து...”

“சொல்லாதீங்க. சொன்னா நானும் அழுதுடுவேன்.” சொல்லும்போதே வேட்டி நுனி கண்ணுக்குப் போய்விட்டது. “இந்த முதுகைப் பாருங்க. ஆஹா, என்ன முதுகு! ஒரு அனாதைக் கொழந்தையோட முதுகு!”

“அனாதையா? நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே!” என்றாள் தெஹ்மினா.

“சினிமாவுலம்மா, சினிமாவுல.”

சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் தெஹ்மினா உண்மையைச் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் மூடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள் படப்பிடிப்பு தாதரில் ஒரு ஸ்டுடியோவில். நிருபம்தாவுக்கு கிளிசரின் என்றாலே ஆகாது. அந்தச் சீசாவைத் தொட்ட கண்ணுக்கு நேரே என் காமிரா திரும்பாது என்று சபதம் போட்டவர். குழந்தைகளை அழ வைக்க அந்தக் காலத்து டைரக்டர்கள் எல்லாரும் கையாண்ட வழிதான் அவருக்கும். குனிந்து கூமியின் காதில் நடுங்குகிற குரலில் சொன்னார்:

“கொழந்தே, உன் மம்மா செத்துப்போயிட்டாம்மா.”

கூமி திரும்பிப் பார்த்தாள். செட்டின் ஓரத்தில் தெஹ்மினா மேக்கப்காரரோடு ரம்மி ஆடிக்கொண்டிருந்தாள்.

“இல்லையே. அங்க சீட்டு ஒளிச்சு வச்சு ஏமாத்திட்டிருக்கா பாருங்க.”

விளக்குப் பிடிப்பவர்கள் மேலே சாரத்தில் நின்று சிரித்தார்கள். மேக்கப்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தெஹ்மினாவின் மடியைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார். நிருபம்தா ஒரு பெருமூச்சு விட்டு, “சரி, போய்ப் பொணத்து மேல விழு. பாத்துக்கலாம்” என்றார்.

பிணமாகப் படுத்திருந்தவள் அனுசூயாபாய் தாம்லே. இந்திப் படங்களில் அம்மாவாக வந்து சாவதுதான் அவள் பிழைப்பு. காசநோயில் செத்திருக்கிறாள், வெள்ளத்தில் செத்திருக்கிறாள், ரயிலில், பாம்பில், மருமகள் கொடுத்த பாலில். இடைவேளை வரைக்கும் அவள் உயிரோடு இருந்தால் ஜனங்கள் டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், வேறு படத்துக்கு வந்துவிட்டோமோ என்று. கணவனும் பிள்ளையும் இல்லாத ஒற்றைக் கட்டை. சினிமாவுக்கு முன்னால் மராத்தி நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனவள். அங்கே ராஜா வேஷக்காரர் ஒருவர் வசனத்தை மறந்துவிடுவார். மேடையில் ராணியாகச் செத்துக் கிடக்கும் அனுசூயாபாய்தான் உதடு அசையாமல் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். அந்த வித்தை அவளுக்குப் பிற்பாடு வேறு விதத்தில் உதவியது.

கூமி போய் அவள் வயிற்றில் முகம் வைத்துப் படுத்தாள். காமிரா ஓடத் தொடங்கியது. செட்டே மூச்சடக்கி நின்றது. அந்த அமைதியில், அனுசூயாபாய் காலையில் தின்ற பட்டாணி உசல் வயிற்றுக்குள்ளே நகர்ந்தது. சின்னச் சத்தம் இல்லை. முதலில் ஒரு கேள்வி மாதிரி, அப்புறம் அதற்கு நீளமாக ஒரு பதில் மாதிரி.

கூமியின் காது சரியாக அதன்மேல் இருந்தது. அவள் தோள் குலுங்கியது. முதுகு குலுங்கியது. செத்த பிணத்தின் புடவையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வாயில் திணித்துக்கொண்டாள். காலை உதைத்துக்கொண்டாள். “கட்!” என்று கத்தும்போது நிருபம்தாவின் குரல் உடைந்துவிட்டது. சற்றுமுன் சிரித்த அதே விளக்குக்காரர்கள் லுங்கியால் கண்ணைத் துடைத்தார்கள். பிணம் மட்டும், கண்ணைத் திறக்காமல், உதடு அசையாமல் கேட்டது:

“அடியே, நீ சிரிக்கத்தானே செஞ்ச?”

“ஆமா. நீங்க ஏன் சிரிக்கல?”

“நான் செத்துப்போயிட்டேன்டீ.”

அந்த நிமிஷத்திலேயே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் இருப்பவள் மம்மா, செட்டில் சாகிறவள் மா என்று கூமி பிரித்து வைத்துக்கொண்டாள். நிருபம்தா அடுத்தடுத்துப் படம் எடுத்தார். எல்லாவற்றிலும் அனுசூயாபாய் செத்தாள். எல்லாவற்றிலும் கூமி அவள்மேல் விழுந்தாள். ஒரு படத்தில் பையன், ஒரு படத்தில் பெண், ஒரு படத்தில் குருட்டுப் பிச்சைக்காரன். வேஷம் எதுவானாலும் காட்சி அதேதான். பாட்டும் வயலினும் பிறகு சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் அந்தக் காட்சிக்கு மட்டும் மைக் கிடையாது. அதுதான் சௌகரியம். காமிரா ஓடுகிறபோது பிணம் ரகசியமாகப் பேச ஆரம்பிக்கும்.

“நிருபம்தாவோட வேட்டி இன்னிக்கு அவரை விட்டுப் போகலாமான்னு யோசிக்குது, பாத்தியா?”

“சும்மா இருங்க மா...”

“ஹீரோவோட விக்கை யாரோ திருப்பி வச்சுட்டாங்க. பின்மண்டை நெத்தியில இருக்கு.”

முடிந்தது. கூமியின் முதுகு துள்ளும். தேசம் அழும்.

ஆனால் கூமிக்கு ஒரு குறை இருந்தது. அவளும் பதிலுக்குப் பதில் சொல்லிப் பார்ப்பாள். பெஸ்தன்ஜியின் நாற்காலிக் கதையைச் சொன்னாள். விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். ஒரு முறை பிணத்தின் தொப்புளில் ஊதினாள். அனுசூயாபாயின் முகத்தில் ஈ உட்கார்ந்த அளவுக்குக்கூட அசைவு இல்லை. கட் சொன்ன பிறகும் அவள் சிரிப்பதில்லை. “நல்லாயிருந்துச்சு” என்பாள், சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்கிறது என்கிற மாதிரி. ஊரையெல்லாம் சிரிக்க வைக்கத் தெரிந்தவளுக்குச் சிரிக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. எத்தனை வருஷம் செத்தவள்! ஒருநாள் மாவைச் சிரிக்க வைத்தே தீருவது என்று கூமி கங்கணம் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெரியவளானால் என்னவாகப் போகிறாய் என்று கேட்டதற்கு, “பொணத்தைச் சிரிக்க வைப்பேன்” என்று சொல்லி வெளியே நின்றவள் அவள்.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. குழந்தை நட்சத்திரங்களுக்கு முகம் முற்றினால்தான் ஆபத்து என்பார்கள். கூமிக்கு முதுகு முற்றியது. காமிரா எப்போதும் அங்கேதானே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தூரிலிருந்து படம் வாங்க வந்த விநியோகஸ்தர் போட்டுக் காட்டிய காட்சியைப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“கோஷால் பாபு, பொண்ணோட முதுகு அம்மா மேல கொள்ளலியே. பொணத்தையே மறைக்குது. செத்தவ யாரு, அழுவுறவ யாருன்னே தெரியல. எங்க ஜனங்க முகத்தைக் கேக்கிறாங்க. முகத்தைக் காட்டி அழச் சொல்லுங்க.”

விநியோகஸ்தர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த படத்தில் காமிராவைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், கூமியின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்கள்.

ஓலைக் குடிசை செட். வெளியே குழாய் மழை. அனுசூயாபாய் செத்துக் கிடந்தாள். காமிரா ஓடியது. பழக்க தோஷம், பிணம் வாயைத் திறந்தது: “மழை குழாயை நிருபம்தா மிதிச்சுட்டு நிக்கிறார். வெளிய மழை ஏன் நின்னுதுன்னு அவரே கத்தப்போறார் பாரு.”

“மழை எங்கடா போச்சு?” என்று நிருபம்தா கத்தினார்.

கூமியின் வாய் காது வரை விரிந்தது. இந்த முறை அதைக் காமிரா பார்த்தது, காமிராக்காரர் பார்த்தார், நிருபம்தா பார்த்தார்.

“கட்! என்னம்மா இது? வாய் கோணிக்கிச்சா?”

இன்னொரு டேக். இன்னொன்று. பிணம் வாயை மூடிக்கொண்டுவிட்டது, ஆனால் நிருபம்தா இன்னும் குழாயின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். கூமியால் முடியவில்லை. கடைசியில் அவர் காமிராவை விட்டு எழுந்து வந்தார்.

“கூமி. நீ சிரிக்கிறியா?”

கூமிக்குப் பொய் சொல்ல வராது. “நான் எப்பவும் இப்படித்தானே நிருபம்தா.”

“எப்பவும்னா?”

“எப்பவும்.”

“அந்த வெள்ளத்துல அம்மா போற காட்சி?”

“சிரிச்சேன்.”

“ரயில்? ரயில்ல?”

“அதுலதான் ரொம்ப.”

நிருபம்தா வெளிச்சத்தைத் திருப்புகிற தகரப் பலகையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நான் அழுதேனேம்மா” என்றார் சின்னக் குரலில்.

“பாத்தேன். அதனாலதான் இன்னும் சிரிப்பு வந்துச்சு.”

சொல்லிவிட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுச் சாமானை யாரோ பிடுங்கிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தார். கூமி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன வாய், அதற்கும் சிரித்துவிட்டது.

செட்டின் வாசலில் பேபி மிட்டு என்று ஒரு நாலு வயதுப் பெண், சுருள் சுருளாய் ஜரிகை வைத்த கவுனில், அவள் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. விளக்கைப் பார்த்தால் அழும். பிஸ்கட் கொடுத்தால் அழும். பிஸ்கட் தீர்ந்தால் இன்னும் அழும். ஒரு வாரமாகவே அவர்கள் வந்து நிற்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“நாளைக்கு ஒரு தடவை பாப்பேன்” என்றார் நிருபம்தா. “இல்லேன்னா மிட்டு. இந்தப் படம் மட்டுமில்ல, இனிமே எல்லாம்.”

“அப்ப மா?” என்றாள் கூமி.

“அனுசூயாபாய் இல்லாம நான் எப்படிப் படம் எடுக்கறது? அவங்க மிட்டுவுக்கு அம்மாவா சாவாங்க.”

போஸ்டரில் பெயர் போனால் போகட்டும். ரோட்டில் ஜனங்கள் திரும்பிப் பார்க்காவிட்டால் நிம்மதி. ஆனால் மா இன்னொரு பெண்ணுக்குச் சாவதா? மாவின் வயிற்றில் இன்னொருத்தியின் காதா? அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் அழுகைப் பயிற்சி தொடங்கியது. தெஹ்மினா வெங்காயம் நறுக்கினாள். கூமிக்குக் கண் எரிந்ததே தவிர முகம் அழவில்லை. அப்பா நாரிமன், செத்துப்போன தன் அத்தையின் கதையைச் சொன்னார். அத்தை ஒரு கல்யாண விருந்தில் கஸ்டர்ட் சாப்பிடும்போது பல்செட் கழன்று, பக்கத்து இலைக்குப் போய், அங்கே இருந்தவர் அதைத் தன்னுடையது என்று மாட்டிக்கொண்ட இடம் வந்ததும் அவருக்கே தாங்கவில்லை. மூன்று பேரும் வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கம் கொண்டாடத் தெரியாத குடும்பம் அது. வரம் என்பதா சாபம் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

“டிக்ரா, என் கண்ணு, அந்த அனுசூயாபாயை நெனைச்சுக்கோ” என்றாள் தெஹ்மினா, மூச்சு வாங்கி முடித்துவிட்டு. “இனிமே அவங்களைப் பாக்க முடியாதுன்னு நெனை. தானா வரும்.”

கூமி நினைத்துப் பார்த்தாள். “அழுகை வரல மம்மா. அந்த மிட்டுவைக் கடிக்கணும்போலத்தான் வருது.”

மறுநாள் மறுபடி குடிசை, மறுபடி குழாய். நிருபம்தா இந்த முறை குழாயை விட்டுத் தள்ளி நின்றார். யாரும் எதையும் பார்த்துச் சிரிக்க வழியில்லாதபடி ஹீரோவை விக்கோடு வெளியே அனுப்பியிருந்தார்கள். கூமி கட்டிலருகே குனிந்தாள்.

“மா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லாதீங்க.”

“சொல்லலடீ” என்றது பிணம்.

காமிரா ஓடியது. கூமி அந்த முகத்தையே பார்த்தாள். எத்தனை படத்தில் செத்த முகம், ஆனால் அவள் நேராகப் பார்த்ததே இல்லை. எப்போதும் வயிற்றில்தான் கிடந்திருக்கிறாள். நெற்றியில் சின்னதாக ஒரு தழும்பு. புருவத்தில் ஒரு வெள்ளை மயிர். அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. காமிராவுக்குள்ளே பிலிம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான், போயிற்று என்று கூமி நினைத்தாள்.

அப்போது மூடியிருந்த கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி அனுசூயாபாயின் காதுக்குள் போனது.

கூமிக்குப் பகீரென்றது. கிச்சுக்கிச்சு மூட்டினபோது அசையாதவள், தொப்புளில் ஊதினபோது அசையாதவள். பிணம் அழுதால் ஷாட் என்ன ஆவது! நிருபம்தா பார்த்தால் என்ன ஆவது! சட்டென்று கையை நீட்டிக் கட்டைவிரலால் துடைத்தாள். இன்னொரு சொட்டு வந்தது. அதையும் துடைத்தாள்.

“மா, கண்ணு வழியுது. மா, அழாதீங்க, பாத்துடுவாங்க.”

பிணத்தின் இரண்டு கண்ணிலும் பெருகியது.

“மா, பெஸ்தன்ஜி நாற்காலியைச் சொல்லட்டுமா? மா, நிருபம்தா வேட்டி... நிருபம்தா வேட்டி...”

வேட்டி என்னவாயிற்று என்று அவளால் சொல்ல முடியவில்லை.  அழுகை வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. அழகான அழுகை இல்லை அது. மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது, கீழுதடு இடதுபக்கம் இழுத்துக்கொண்டது, ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் இருந்தது. பிறந்ததிலிருந்து மிச்சம் பிடித்து வைத்திருந்த அழுகையை எல்லாம் ஒரே மூச்சில் அழுதாள்.

“கட்” என்றார் நிருபம்தா. இந்த முறை அவர் கண் காய்ந்திருந்தது. காமிராக்காரர் பக்கம் திரும்பி, “என்னப்பா?” என்றார்.

“கண்ணீர் இருக்கு நிருபம்தா. ஆனா முகம் இப்படி... கோணுதே.”

“விநியோகஸ்தர் முகம்தானே கேட்டார். குடுத்தாச்சு. அடுத்த படத்துக்கு மிட்டுவை வரச் சொல்லிடு” என்று சொல்லிவிட்டுப் போனார் நிருபம்தா.

அனுசூயாபாய் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். “கண்ணுல ஓலைத் தூசி விழுந்துடுச்சுடீ” என்றாள். ரெண்டு கண்ணிலுமா என்று கூமி கேட்கவில்லை. விக்கல் விட்டால்தானே கேட்க.

படம் வந்தது. பெண்களுக்கு மட்டுமென்று போடுகிற மத்தியானக் காட்சிக்கு தெஹ்மினாவும் கூமியும் போனார்கள். அனுசூயாபாயும், யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருக்கத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொட்டகை நிறையப் பெண்கள், கைக்குழந்தைகள், கடலைப் பொட்டலங்கள். அந்தக் காட்சி நெருங்கியதும் வரிசை வரிசையாகக் கைக்குட்டைகள் வெளியே வந்தன. கூமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இதுவரை ஏமாற்றியதற்கெல்லாம் இன்றைக்கு நிஜத்தைக் கொடுக்கப்போகிறாள்.

திரை முழுக்க அவள் முகம் வந்தது. உதடு இடதுபக்கம் போனது. ஒரு கண் மூடியது. மூக்கு, ஆறடி அகலத்துக்கு, ஒழுகியது.

கொட்டகை ஒரு கணம் திகைத்தது. எங்கேயோ ஒருத்தி களுக்கென்றாள்.

“என்னடீ இது, கொழந்தைக்கு வயித்து வலியா?”

“தும்மல் வரப்போவுதுபோல இருக்கு.”

“நடிப்பு போயிடுச்சு பாவம்” என்றாள் முன்வரிசையில் ஒரு பெருத்த மாமி, கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே. “முன்னெல்லாம் முதுகைக் காட்டினாலே நெஞ்சு வெடிக்கும். அது நிஜ அழுகை. இது சும்மா வேஷம்.”

கூமிக்குக் காது மடல் கொதித்தது. சிரித்ததற்கெல்லாம் ஊரைக் கூட்டி அழுதவர்கள், ஒரே ஒரு தடவை அழுததற்கு இப்படிச் சொல்கிறார்களே! இருக்கைக்கடியில் புகுந்துகொள்ள இடம் தேடினாள்.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு இரைச்சல் வருமே, அது. அனுசூயாபாய் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். பயனில்லை. “நிஜ அழுகையாம்டீ!” என்றாள். “முதுகாம்!” என்றாள். அப்புறம் சொல் எதுவும் வரவில்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் தட்டி, கொட்டகை அதிரச் சிரித்தாள். அத்தனை சாவின் போதும் அடக்கி வைத்த அத்தனை சிரிப்பும் வரிசையாக வந்தது: வேட்டி, விக்கு, பட்டாணி உசல், தொப்புள். முக்காடு நழுவியது.

முன்வரிசை மாமி திட்டுவதற்காகத் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி திரும்பினாள்.

“ஐயோ பகவானே! செத்தவ இங்க உக்காந்து சிரிக்கிறா!”

நாலு வரிசை எழுந்தது. ஒரு குழந்தை அலறியது. யாரோ ஒருத்தி கும்பிட்டாள். தெஹ்மினா ஒரு கையில் கூமியையும் மறு கையில் அனுசூயாபாயையும் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எதிர்ச்சாரி ஈரானிக் கடையில் போய் உட்கார்ந்த பிறகும் அனுசூயாபாய்க்கு அடங்கவில்லை. ராஸ்ப்பெரி சோடாவைக் குடிக்கப் போய், மூக்கு வழியாக வெளியே விட்டாள். சர்வர் துணி கொண்டுவந்தான். கூமி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சிரிப்பு மெல்ல வடிந்தது. தெஹ்மினா கேக் சொல்ல எழுந்து போனாள்.

“மா, நாளைக்கு மிட்டு படமா?”

“ஆமாம்டீ. காலைலயே வரச் சொல்லியிருக்காங்க. தீ விபத்து.”

“அவகிட்டயும் பேசுவீங்களா? காமிரா ஓடும்போது?”

அனுசூயாபாய் டம்ளரை மேஜையில் வைத்தாள். “எதுக்குடீ? அதுதான் தொட்டாலே அழுவுது. அங்க நான் வெறும் பொணம்தான்.”

கூமி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க.”

“உங்க வீட்டுல எனக்கு என்ன வேலை?”

“வேலை ஒண்ணுமில்ல. சும்மா உயிரோட இருந்துட்டுப் போங்க.”

அனுசூயாபாய் ஈரமாயிருந்த முக்காட்டு நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், நாரிமன் இன்னும் பல் விளக்கி முடிப்பதற்குள், வந்து கதவைத் தட்டிவிட்டாள்.